இரண்டு சாவியும் எனக்கே

தோழிகளே, திண்டுக்கல்லில் இன்று எனக்கு வாடகை வீடு கிடைத்துவிட்டது.

புதிதாக வந்த டீச்சர் தனியாகக் குடியிருக்கப் போகிறாள் என்றதும் மூன்று வீடுகளில் மறுத்துவிட்டார்கள். கூட்டிப்போன தரகரே சோர்ந்துபோனார்.

நான்காவது வீட்டுக்கார அம்மா, "தொணைக்கு யாரும் வரலையா?" என்றார்.

"நான் மட்டுந்தாங்க" என்றேன்.

என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே போய், புதுப் பூட்டு ஒன்றை எடுத்துவந்து நீட்டினார்.

"ரெண்டு சாவியும் ஒங்கிட்டயே இருக்கட்டும்மா. என் வீடுதான்னாலும் நீ இல்லாதப்ப நான் தொறக்கக் கூடாதுல்ல."

தரகர் என்னிடம் மெதுவாக, "இம்புட்டு வருசத்துல இப்படி ஒருத்தரப் பாத்ததில்லம்மா" என்றார்.

ஹாஸ்டலில் பெட்டிச் சாவியைக்கூட வார்டனிடம் கொடுத்துவைத்தவர்கள் நாம்.

இரண்டையும் நான் தொலைத்துவிடுவேன் என்று உங்களில் யார் முதலில் கடிதம் போடப்போகிறீர்கள்?