ஓஸ் கிளிப்

இன்று காலை மெக்கானிக் என் பழைய காரின் பானெட்டைத் தூக்கியதும் ரேடியேட்டர் தண்ணீரின் இனித்த ஆவி முகத்தில் அடித்தது. "ஓஸ் கிளிப்பு லூசாயிடிச்சிக்கா, மாத்திடலாம்" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்க, திண்டிவனத்தில் ரோட்டை அகலப்படுத்தியபோது இடித்துவிட்ட உதிரிபாகக் கடையில் நான் சிறுமியாக நின்றிருந்தேன்.

ரப்பரும் கிரீசும் மணக்கும் அந்தக் கடையில் ஆணி நிறையத் தொங்கும், ரப்பர் ஓஸை இறுக்கிப் பிடிக்கும் கிளிப்புகளை அப்பா ஒவ்வொன்றாகக் கழற்றி, உள்பக்கம் வழவழவென்று இருக்கிறதா, விளிம்பு ஓஸை அறுக்குமா என்று கட்டைவிரலைச் சுற்றிலும் ஓட்டி, திருகைக் கடைசி மரைவரை ஏற்றி இறக்கிப் பார்ப்பார். நான் பழைய டயர்மேல் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டிருப்பேன்.

"இம்மாம் நேரமா தடவிக்கினு நிக்கிறீங்களே, பொண்ணா பாக்க வந்தீங்க?" என்பார் கடைக்கார அக்கா.

"வண்டி பழசும்மா. பாதி வழியில நின்னுட்டா பேஜாரு" என்பார் அப்பா.

அம்மாவுக்கு மூச்சு முட்டிய அன்று அந்த வண்டியில்தான் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அப்பா சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். முள் ஏறவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் ஒழுகவில்லை. எங்கும் நிற்காமல் போய்ச் சேர்ந்தோம். அம்மா மட்டும் திரும்பி வரவில்லை.

அடுத்த முறை அந்தக் கடையில், கொடுத்த கிளிப்பை அப்பா பார்க்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஒருதரம் தடவிப் பாத்துடுங்கண்ணே" என்றார் கடைக்கார அக்கா.

அதற்குள் அப்பா படி இறங்கிவிட்டிருந்தார்.