எந்தக் கம்பெனி வண்டி?

கனடாவில் டீசல் போட வேண்டுமென்றால் முதலில் நாம் யாரென்று சொல்ல வேண்டும். நம்மூர் பங்க்கில் வண்டியை நிறுத்தினால், குழாயைக் கையில் எடுப்பவர் "ஜீரோ பாத்துக்குங்கண்ணே" என்பார். அளவுக்கு நம்மையே சாட்சி வைத்துக்கொள்வார். பணமெல்லாம் பிறகுதான். இங்கே பம்புக்குப் பக்கத்தில் ஆளே கிடையாது. ஒரு சின்னத் திரைதான் கேள்வி கேட்கும். கார்டைப் போடு, வண்டி எண்ணைச் சொல், ஓட்டுநர் எண்ணைச் சொல், இதுவரை எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது சொல். எல்லாவற்றுக்கும் பதில் சரியாக இருந்தால்தான் ஒரு சொட்டு இறங்கும். எனக்கு அதில் கோபம் வந்ததில்லை. எந்திரம் எல்லோரையும் ஒரே மாதிரி சந்தேகப்படுகிறது. மனிதர்கள் அப்படிச் செய்வதில்லை என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைக் கிராமம் ஒன்றில் பிறந்தவன் நான். அப்பாவும் அம்மாவும் பண்ணை வயலில் கூலிக்கு நட்டு அறுத்தவர்கள். பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, அதே மண்ணில் ஒரு துண்டைச் சொந்தமாக வாங்கினார்கள். இன்று அதில் பயிர் வைப்பது என் அக்கா மல்லிகா. நான் நெல் லோடு ஏற்றும் லாரியில் கைபழகி, கனடா வந்து, பெரிய கம்பெனி ஒன்றுக்குப் பல வருடம் ஓட்டி, கடைசியில் ஒரு பழைய டிரக்கைச் சொந்தமாக வாங்கினேன். ஓனர் ஆபரேட்டர் என்பார்கள். முதலாளியும் நான்தான், டிரைவரும் நான்தான். டீசலும் என் கைக்காசு.

போன செப்டம்பரில் ஒரு நாள், வெயில் சாயும் நேரம், சஸ்காச்சுவன் சமவெளியில் வழக்கமாக நிற்கும் டிரக் ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தினேன். கார்டைப் போட்டதும் 'கவுன்ட்டருக்கு வரவும்' என்றது திரை. உள்ளே போனேன். எனக்கு முன்னால் வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் நின்றார். அவருக்கும் அதே கோளாறுதான். அவரும் என்னைப் போலச் சொந்த வண்டிக்காரர் என்று அவர் பேச்சிலேயே தெரிந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே ஏதோ ஒரு பொத்தானை அழுத்தி அவரை அனுப்பிவிட்டாள். அடுத்து நான்.

"எந்தக் கம்பெனி?" என்றாள்.

"என் வண்டி."

"அது சரி. நீங்க யாருக்கு ஓட்டுறீங்க?"

"எனக்குத்தான்."

எனக்கு ஆங்கிலம் புரியவில்லை என்று நினைத்துவிட்டாள். குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, "உங்க முதலாளி பேர் என்ன?" என்று கேட்டாள். நான் என் பெயரைச் சொன்னேன். அவள் முகம் மாறியது. வண்டிப் பத்திரம், இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் வேண்டும் என்றாள். போய் எடுத்து வந்தேன். என் கார்டைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டு யாருக்கோ போன் போட்டாள்.

"முன்னாடி போனவர்கிட்ட எதுவும் கேக்கலையே?" என்றேன்.

"அவரை எனக்குத் தெரியும்."

அதே கவுன்ட்டரில், அதே பெண்ணிடம், நானும் வருடக்கணக்காகக் காப்பி வாங்கியிருக்கிறேன்.

எனக்குப் பின்னால் நின்ற பஞ்சாபி டிரைவர் தாழ்ந்த குரலில் இந்தியில் சொன்னார்: "ஏதாவது பெரிய கம்பெனி பேரைச் சொல்லுங்க பாயி. உடனே விட்டுடுவாங்க." நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் நான் எந்தப் பெயரையும் சொல்லவில்லை. இன்னொருவனின் ஆள் என்று பொய் சொன்னால் டீசல் கிடைக்கும். நான் என் ஆள் என்று உண்மையைச் சொன்னால் விசாரணை.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. எங்கள் சொந்த நிலத்தில் முதல் முறை அறுத்த நெல்லை, நான் ஓட்டிய லாரியிலேயே கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்தவர் அப்பாவைப் பார்த்து, "யாரு நெல்லு?" என்றார். "நம்ம நெல்லுங்க" என்றார் அப்பா. "நம்மன்னா? எந்தப் பண்ணை?" நிலம் எங்கள் பெயரில் இருப்பதைக் காட்டும் சிட்டாவும் அடங்கலும் அப்பாவின் மடியில்தான் இருந்தன. அவற்றை எடுத்துக் காட்டிய பிறகும், ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து "ஆமா, இவரு வாங்கிட்டாரு" என்று சொல்லும்வரை எங்கள் மூட்டை தராசில் ஏறவில்லை. அப்பா கையைக் கட்டிக்கொண்டு வெயிலிலேயே நின்றார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

கவுன்ட்டர் பெண் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே என் போன் அடித்தது. அக்கா. ஊரில் அப்போதுதான் விடிந்திருக்கும். விதைத்த சம்பா முளைத்து நின்றது. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. வடிகாலில் தேங்கியிருந்ததை ஆயில் எஞ்சின் வைத்து இறைத்தால் பயிர் பிழைக்கும். அதற்கு டீசல் வாங்கத்தான் பங்க்குக்குப் போயிருந்தாள்.

"கேன்ல தர மாட்டேங்குறாங்கடா. வி.ஏ.ஓ. கிட்ட லெட்டர் வாங்கிட்டு வரச் சொல்றாங்க. அவரு திங்கக்கெழமதான் வருவாராம். அதுக்குள்ள பயிரு கருகிப்போயிடும்."

"யாருக்குமே தரலையா?"

"இப்பத்தான் என் கண்ணு முன்னாடியே ஒருத்தருக்கு ரெண்டு கேன் புடிச்சுக் குடுத்தாங்க. கேட்டா, அவரு தெரிஞ்சவருங்கிறாங்க."

போனை பங்க்காரரிடம் கொடுக்கச் சொன்னேன். "சார், ஃபாரின்ல இருக்கிறவங்க நீங்க. ரூல்ஸ் உங்களுக்குத் தெரியாததா? இது சேஃப்டி மேட்டர்" என்றார்.

"அந்த ரெண்டு கேனுக்கு சேஃப்டி வேண்டாமா?" என்று கேட்டேன்.

"நீங்க அக்காகிட்டயே பேசிக்குங்க" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டீசல் திருட்டு இங்கே நடக்கிறது. தீ விபத்து அங்கே நடக்கிறது. கேட்கட்டும். தாடிக்காரரிடமும் கேட்கட்டும், இரண்டு கேன் வாங்கியவரிடமும் கேட்கட்டும். தெரிந்தவர், தெரியாதவர் என்று ஆளைப் பார்த்து வளைவதை விதி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. நீங்களும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கவுன்ட்டர் பெண் போனை வைத்தாள். கார்டை என் பக்கம் தள்ளி, "யூ ஆர் குட்" என்றாள். எல்லாம் சரியாகிவிட்டது, போகலாம் என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் அந்த நேரத்தில், நான் நல்லவன் என்று அவள் சான்றிதழ் கொடுப்பதாகத்தான் என் காதில் விழுந்தது.

"அது எனக்கு முன்னாடியே தெரியும். அடுத்த தடவை இதே பத்திரத்தை அந்தத் தாடிக்காரர்கிட்டயும் கேளுங்க" என்றேன்.

அவள் புரியாமல் விழித்தாள். பஞ்சாபி டிரைவர் தரையைப் பார்த்தார். நான் போய் டேங்க்கை நிரப்பினேன்.

இன்றும் அங்கேதான் டீசல் போடுகிறேன். அந்த ரோட்டில் பக்கத்தில் வேறு பம்ப் கிடையாது. சில நாள் அவள் கேட்கிறாள், சில நாள் கேட்பதில்லை. கேட்கிற நாளெல்லாம் "என் வண்டி" என்றுதான் சொல்கிறேன்.

அன்று இருட்டத் தொடங்கியபோது அக்கா மறுபடி கூப்பிட்டாள். வண்டியை ஓரங்கட்டினேன். தெருக்காரர் ஒருவரின் டிராக்டரை வாடகைக்குப் பிடித்து மறுபடி பங்க்குக்குப் போனாளாம். டிராக்டர் டேங்க்கில் ஊற்ற எவரும் லெட்டர் கேட்கவில்லையாம். வயலுக்கு வந்து, டியூப் போட்டு அதிலிருந்து கேனுக்கு இறக்கியிருக்கிறார்கள். "நமக்கு மட்டும் எல்லாத்துக்கும் சுத்து வழிதான்டா" என்றாள். பிறகு, "தண்ணி எடுக்குது, கேளு" என்று போனை எஞ்சின் பக்கம் நீட்டினாள்.

என் வண்டியின் எஞ்சினை அணைத்தேன். சாலையின் இருபுறமும் அறுவடை முடிந்த கோதுமைக் காடு. யாருக்கும் வேண்டாத மழை அதன்மேல் விழ ஆரம்பித்தது. முன்கண்ணாடி மங்கி, ரோடு மறைந்தது. வைப்பரைப் போட்டால் அக்கா கேட்கச் சொன்ன சத்தம் கேட்காது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அங்கே தண்ணீர் வரப்பைத் தாண்டிப் பயிருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.