வாய்க்கால் பாலத்தில் நின்ற பேருந்து

"அப்பா போயிட்டாங்க, சித்தப்பா." செவ்வாய்க்கிழமை காலை சிங்காரவேலு அண்ணனின் மகள் போனில் சொன்னாள். குடவாசல்–கும்பகோணம் தடத்தில் அவர் கண்டக்டர், நான் டிரைவர். அவரோடு வேலை பார்த்த உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

கூலிக்கும் நிலத்துக்கும் ஊருக்கு ஊர் சண்டை நடந்த காலம். எங்கள் தடத்திலிருந்த ஒரு கிராமத்தில், கூலி உயர்த்திக் கேட்டார்கள் என்பதற்காகச் சேரிக்காரர்களுக்கு மிராசுதார்கள் வேலை தரவில்லை. கும்பகோணத்தில் அரிசி மில்லிலும் கட்டடத்திலும் ஆள் தேவைப்பட்டது. ஆனால் பஸ் நின்றதோ மிராசுதார்கள் குடியிருந்த பெரிய தெருவின் கோடியில். அந்தத் தெருவில் சேரிக்காரர்கள் நடக்கக் கூடாது. வயலைச் சுற்றி வருவதற்குள் முதல் பஸ் போய்விடும்.

ஒருநாள் சேரியை ஒட்டிய வாய்க்கால் பாலத்தில் அண்ணன் விசில் ஊதினார்.

"இங்க ஸ்டாப் இல்லையேண்ணே?"

"ஆளுங்க ஓடி வர்றாங்கல்ல. நிறுத்து தம்பி."

மறுநாளும் ஊதினார். ஒரே வாரத்தில் வண்டி நிறைந்தது.

அடுத்த வாரம் பாலத்தின் குறுக்கே மாட்டு வண்டியை நிறுத்திவிட்டு பெரிய தெருக்காரர்கள் ஆறு பேர் நின்றார்கள். நான் பிரேக் போட்டேன். அண்ணன் இறங்கினார்.

"இது கவர்மென்ட் பஸ்ஸு. டிக்கெட் எடுக்கிறவங்கள ஏத்துவேன். நீங்க வழி விடுற வரைக்கும் இங்கேயேதான் நிப்போம்."

சட்டையைக் கிழித்தார்கள். கன்னத்தில் அறைந்தார்கள். அவர் திருப்பி அடிக்கவில்லை. படியை விட்டு நகரவும் இல்லை. கடைசியில் வேலைக்கு நேரமாகிறது என்று பயணிகளே இறங்கி மாட்டு வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். தள்ளியவர்களில் பஸ்ஸில் வந்த பெரிய தெருக்காரர்கள் இரண்டு பேரும் உண்டு.

புகார் போயிற்று. "அந்த ரூட்டே நஷ்டம், நிறுத்திடலாம்" என்றார் மேலதிகாரி.

"ஆளு இருக்கிற இடத்துல நிறுத்தாததுதான் சார் நஷ்டம். ஒருநாள் வந்து பாருங்க" என்றார் அண்ணன்.

மேலதிகாரி வந்தார். உட்கார இடமில்லாமல் கும்பகோணம் வரை நின்றுகொண்டே வந்தார். பாலத்தில் ஸ்டாப் பலகை வைத்தார்கள். அறுவடைக்கு ஆள் கிடைக்காமல், சேரிக்காரர்கள் கேட்ட கூலிக்கு மிராசுதார்கள் இறங்கி வந்தார்கள். அனுமதியில்லாமல் வண்டியை நிறுத்தியதற்காக அண்ணனைப் பட்டுக்கோட்டைக்கு மாற்றினார்கள். "ஸ்டாப்பு வந்துடுச்சுல்ல, போதும்" என்று பெட்டியைக் கட்டினார்.

அவர் காரியம் முடிந்த மறுநாள், எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தைப் புறவழிச்சாலைக்கு மாற்றுவது பற்றிக் கூட்டம் நடந்தது. எந்த மாற்றத்தையும் அண்ணன் ஒரே கேள்வியால் அளப்பார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான். எழுந்து கேட்டேன்: "இதனால யாரு நடக்கணும்?"

பதில் வரும்வரை நான் உட்காரவில்லை.