நின்று தேய்ந்த பிஸ்டன்

பள்ளிக்கூடத்தில் என் மேசைமேல் பதினோரு வருடமாக ஒரு பிஸ்டன் இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் அலுமினியத் துண்டு. பக்கவாட்டில் சுற்றிலும் நகத்தால் பிறாண்டியது மாதிரிக் கீறல்கள். விடைத்தாள் பறக்காமல் இருக்க அதைத்தான் தூக்கி வைப்பேன். பதினோராம் வகுப்பு இயற்பியலில் வெப்பப் பாடம் வரும்போது அதைக் கையில் உயர்த்திப் பிடித்து, "கம்பெனிக்காரன் என்ன கிறுக்கனா? அவன் அளந்து செய்து கொடுத்த எஞ்சினை நோண்டினால் கதி இதுதான்" என்று முழங்குவேன். அது என் தங்கை வீட்டுக்காரரின் வண்டியில் இருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிச் சிரிப்பேன். பிள்ளைகளும் சிரிப்பார்கள். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மாப்பிள்ளை திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் கம்ப்ரசர் பார்க்கிறவர். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டியோடு வடக்கே போனால் ஏழெட்டு மாதம் ஆகும். மழைக்காலத்தில்தான் ஊர்ப் பக்கம் தலை காட்டுவார். மகள் பிறந்ததையே போனில்தான் கேட்டார். அந்தப் பிழைப்பை விட்டுவிட்டு ஆத்தூரில் ஒரு பைக் பட்டறை போட வேண்டும், தினமும் வீட்டுச் சோறு தின்ன வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாகக் குடைந்து, பெரிய பிஸ்டனும் பெரிய கார்புரேட்டரும் போட்டு, வண்டியின் இழுவையைக் கூட்டித் தருகிற பட்டறை. அதில் அவருக்குக் கை நன்றாக ஓடும். அதை நான் அன்றைக்கு ஒப்புக்கொண்டதில்லை.

நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் ஒரே மாதிரி வண்டி எடுத்தவர்கள். என் வண்டியை நான் கம்பெனி கொடுத்தபடியே வைத்திருந்தேன். அவர் தன் வண்டியைப் பிரித்து மேய்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் எங்களுக்கு இதே சண்டைதான். இழுவை கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் ஆயுள் குறையும் என்று நான் கரும்பலகை இல்லாத குறையாகப் பாடம் எடுப்பேன். "செய்யற மாதிரி செஞ்சு, பாக்கற மாதிரி பாத்துக்கிட்டா அதும் ஓடுமுங்க மச்சான்" என்பார். அப்பாவும் அம்மாவும் போனபின் தங்கைக்கு நான்தான் பிறந்த வீடு. என் பேச்சு அவளுக்கு வேதவாக்கு. ஒருநாள் அவளே தீர்ப்புச் சொன்னாள்: "ஏனுங்க, உங்க வண்டி எஞ்சினத் தொறக்காம அம்பதாயிரம் ஓடட்டும். எங்கண்ணன் வண்டியாட்டம் ஓடுச்சுன்னா நானே முன்ன நின்னு பட்டறைக்குப் பூசை போடறேன். இல்லீன்னா ரிக்குக்கே போங்க."

சரி என்றார் மாப்பிள்ளை. அந்த வண்டியைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டார். நான் எண்ணெய் மாற்றுவதற்குள் அவர் இரண்டு முறை மாற்றியிருப்பார். எஞ்சின் சூடேறும் முன் முறுக்கவே மாட்டார். ஊரில் இருந்த மாதங்களில் ஓட்டி ஓட்டியே நாற்பத்தொன்றாயிரம் தாண்டியது, ஒரு சொட்டுக் கசிவில்லை, புகையில்லை. எனக்கு உள்ளே உதறல் எடுத்தது. நான் தோற்றுவிடுவேனோ என்ற உதறல், வேறென்ன! அந்த வருடம் ரிக்குக்குப் புறப்படும்போது வண்டியை என் வாசலில் விட்டுவிட்டுச் சொன்னார்: "வாரத்துக்கு ஒருக்கா வெண்ணந்தூர் வரைக்கும் ஓட்டிட்டு வந்துருங்க மச்சான். நல்லாச் சூடேறோணும். சும்மா நிறுத்தி ஸ்டார்ட் மட்டும் பண்ணாதீங்க."

முதல் வாரம் ஓட்டினேன். அந்தச் சத்தத்துக்கு டீக்கடையே திரும்பிப் பார்த்தது. "வாத்தியாருக்கு வயசு திரும்புது டோய்!" என்று ஒருவன் கத்தினான். எனக்கு மானமே போய்விட்டது. அதோடு சரி. மறுநாளிலிருந்து பள்ளிக்குக் கிளம்பும் முன், வாசலிலேயே, பெட்ரோல் கூடுதலாக இறங்கச் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்து, கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடுவேன். வாரம் ஒரு நாள் கேட்டார், நான் தினமும் செய்கிறேனே என்று எனக்கே என்மேல் பெருமை. அவர் போனில் கேட்கும்போதெல்லாம், "ஒரு நாள் தவறறதில்ல மாப்ளே" என்பேன். ஓட்டவில்லை என்பதை மட்டும் சொன்னதில்லை.

அவர் ஊர் திரும்பிய மறுநாள் காலையே ஆத்தூரில் பட்டறைக்கு ஓர் இடம் பார்க்கப் போனோம். அன்றைக்குத்தான் நல்ல நேரம் என்று தங்கை அவசரப்படுத்தினாள். எண்ணெய் மாற்றிக்கொண்டு கிளம்பலாம் என்றவர், வாராவாரம் ஓடிய வண்டிதானே என்று என்னை நம்பி ஏறிவிட்டார். தங்கையும் குழந்தையும் என் வண்டியில் வந்தார்கள். நாமகிரிப்பேட்டை தாண்டியதும் அவர் வண்டி ஒரு கிறீச்சிடலோடு அப்படியே பூட்டிக்கொண்டது. கிளட்சைப் பிடித்துச் சமாளித்து ஓரம் கட்டினார். வண்டிச் சீட்டின்மேல் கையை வைத்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அந்த வாரமே எஞ்சினைப் பிரித்தார். பிஸ்டனைத் துடைத்து என் கையில் வைத்து, "நீங்க ஜெயிச்சீங்க மச்சான்" என்றார். அந்த மாதமே ரிக்குக்குப் போனார். பட்டறைப் பேச்சை அதன்பின் அவர் எடுத்ததே இல்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வருத்தத்தைவிடச் சந்தோஷம் ஒரு பிடி அதிகமாகவே இருந்தது.

போன மாதம் என் வண்டி புகை கக்க ஆரம்பித்தது. எண்பதாயிரத்துக்கு மேல் ஓடி, முதல் முறையாக எஞ்சினைத் திறக்கிறார்கள். ராசிபுரத்து மெக்கானிக்கிடம் பெருமையடிக்க அந்தப் பழைய பிஸ்டனையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். "பாருங்க, இது கம்பெனி எஞ்சின், அது நோண்டின எஞ்சின்" என்றேன். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாருங்க செஞ்சது? வேல சுத்தமா இருக்குதே" என்றார். என் முகம் சுருங்கியது. "நோண்டின எஞ்சின் வெரசாக் கெட்டுப் போகும்னுதான் நானும் சொல்வேனுங்க. ஆனா இது அப்படிப் போனதில்ல. தலையப் பாருங்க, உருகல் இல்ல, ஓட்டை இல்ல. சுத்தியும் வறண்ட கீறல். சோக்கப் போட்டு நிறுத்தியே ஓட்டியிருக்காங்க. பெரிய கார்புரேட்டர் வேற. எரியாத பெட்ரோலு சிலிண்டர்ல இருக்கற எண்ணெயக் கழுவிக்கிட்டுக் கீழ எறங்கிரும். கீழ இருக்கற எண்ணெயும் தண்ணியாயிரும். இது ஓடித் தேஞ்சதில்லீங்க சார், நின்னு தேஞ்சது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடக் கடவுளே, வெப்பப் பாடம் நடத்துகிறவன் நான்! சூடேறாத எஞ்சினில் பெட்ரோல் முழுதாக எரியாது என்று எனக்குத் தெரியாதா? பக்கத்தில் இருந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன். பதினோரு வருடம், எத்தனை வகுப்பு, எத்தனை சிரிப்பு! நான் செய்த கொலைக்கு நானே சாட்சியைத் தூக்கிக் காட்டியிருக்கிறேன்.

அங்கிருந்தே மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். ரிக்கின் இரைச்சலுக்கு நடுவே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சற்று நடந்து தள்ளி வந்திருக்க வேண்டும், இரைச்சல் குறைந்தது.

"தெரியுமுங்க மச்சான்" என்றார்.

"என்ன தெரியும்?"

"எஞ்சினத் தொறந்த அன்னைக்கே தெரியுமுங்க. எண்ணெயில பெட்ரோலு வாடை குப்புனு அடிச்சுது."

"ஏன் மாப்ளே சொல்லல? சொல்லியிருந்தா பட்டறை போட்டிருக்கலாமே!"

"சொன்னா அவ உங்க ஊட்டு வாசப்படி மிதிப்பாளுங்களா? அவளுக்குப் பொறந்த ஊடுன்னு இருக்கறதே நீங்க ஒருத்தர்தான். பட்டறை இல்லாமப் பொழைச்சுக்கலாம். இப்பவும் சொல்லிராதீங்க மச்சான்."

அவர் பேச்சை முடித்த பிறகும் போனைக் காதிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் தோற்றதாக நான் நினைத்திருந்த மனிதர், இத்தனை வருடமும் என் வீட்டு வாசல் என் தங்கைக்கு மூடிவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

பிஸ்டனைப் பள்ளிக்குத் திரும்பக் கொண்டுபோக மனம் வரவில்லை. வீட்டுக் கூடத்தில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தங்கை மகளோடு வந்தாள். பார்த்ததும் கையில் எடுத்துச் சிரித்தாள். "இன்னுமா அண்ணா இத வெச்சிருக்கீங்க? நீங்க அப்பவே சொன்னீங்க, அவருதான் கேக்கல." சொல்லாதே என்று அவர் கெஞ்சியது காதில் நின்றது. பேசாமல் இருந்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் இன்னொரு முறை ஜெயிக்க என்னால் முடியவில்லை.

"சாமி, உக்காரு" என்றேன். "அந்த வண்டியக் கெடுத்தது அவரில்ல, நான்."

வாசலில் ஸ்டார்ட் செய்ததிலிருந்து, தெரிந்தே அவர் வாய் திறக்காமல் இருந்ததுவரை சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. பிஸ்டனை மெல்ல மேசைமேல் வைத்துவிட்டு, வாசலில் நின்ற மகளைப் பார்த்தாள்.

"அன்னைக்கு இவளுக்கு ரெண்டு வயசுங்கண்ணா" என்றாள். "இப்பப் பதிமூணு."