எனக்கு உரு வந்த நாள்

எனக்குத் தெரிந்து நெஞ்சைப் பிளந்து காட்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர் அனுமார், மற்றவர் நான். அனுமாருக்கு உள்ளே இராமர் இருந்தார். எனக்கு உள்ளே ஒரு பழுதான வால்வுதான் இருந்தது.

சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது. நாற்பத்தாறு வயதில், ஜேர்மனியில் நான் இருக்கும் வுப்பர்டாலில் தொங்குரயில் நிலையத்துப் படியில் ஏறும்போது பாதியில் மூச்சு நின்ற பிறகுதான் அது தெரியவந்தது. 2003ஆம் ஆண்டு அது. வால்வை மாற்றாவிட்டால் இரண்டு வருடம் தாங்குவது கடினம் என்றார் இதய வைத்தியர்.

மாற்றுவதற்கு இரண்டு வகை சொன்னார். ஒன்று மாட்டிலோ பன்றியிலோ இருந்து எடுத்துச் செய்தது. அது பத்துப் பதினைந்து வருடத்தில் தேய்ந்துபோகலாம். மற்றது முழுக்கச் செயற்கையானது. அது தேயாது, ஆனால் இரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்கக் குளிசை போட வேண்டும். நான் பதினெட்டு வருடமாக ஒரு ஜேர்மன் உணவகத்தில் பன்றியிறைச்சி பொரித்து, ருசியும் பார்த்து, சம்பளமும் வாங்குகிறவன். அப்படிப்பட்ட நான், “கோயிலில் நாலு பேர் என்ன கதைப்பார்கள்” என்று யோசித்துச் செயற்கை வால்வைக் கேட்டேன். என் வயதுக்கு அதுதான் பொருத்தம் என்று வைத்தியரும் சொன்னார். அதை நான் என் பக்திக்குக் கிடைத்த வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் சம்மதப் பத்திரம் தந்தார்கள். என்னென்ன நடக்கலாம் என்று அதில் வரிசையாக எழுதியிருந்தது. மரணம் ஏழாவதாக இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, “முருகா, பிழைச்சால் செடில் காவடி எடுக்கிறன்” என்று நேர்த்தி வைத்தேன். முதுகுச் சதையில் முள்ளுகளை ஏற்றி, அவற்றில் கயிறு கட்டி, ஒருவர் பின்னால் இழுத்துப் பிடிக்க ஆடிக்கொண்டு வீதி சுற்றுவது அது. பாற்காவடி என்று சொல்லியிருக்கலாம். பயந்தவன் வாய்க்கு அளவு தெரியாது.

பிழைத்தேன். நெஞ்சுக்குள் ‘டிக் டிக்’ என்று கேட்டது. வீட்டிலேயே விரல் நுனியில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்துச் சின்ன மெசினில் பார்க்கவும், வரும் எண்ணைப் புத்தகத்தில் எழுதவும் பழக்கினார்கள். இரண்டரைக்கும் மூன்றரைக்கும் இடையில் நின்றால் நான் நல்ல பிள்ளை. குறைந்தால் இரத்தம் கட்டிபடும், கூடினால் நிற்காமல் ஓடும்.

அடுத்த ஆனியில் இங்குள்ள எங்கள் முருகன் கோயிலில் திருவிழா வந்தது. அப்போதுதான் என் மண்டையில் ஏறியது: இரத்தம் உறையாதவன் முதுகில் முள்ளுக் குத்தினால் என்ன ஆகும்? வைத்தியரிடம் கேட்டால் கூடவே கூடாது என்பார். மனைவி சுந்தரேஸ்வரியிடம் கேட்டால் கேள்வி முடியுமுன்பே ஏச்சுத் தொடங்கும். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவள், மருந்து விசயத்தில் பொலிஸ்காரி. ஆகவே மெத்தப் படித்த நான் எனக்கு நானே டொக்டராகி, திருவிழாவுக்குப் பத்து நாளுக்கு முன் குளிசையை நிறுத்தினேன். மெசின் ஒவ்வொரு முறையும் இறங்கு முகத்தில் எண் காட்டியது. புத்தகத்தில் 2.8 என்றே எழுதிவந்தேன். ஒருநாள் சந்தேகம் வரக்கூடாதென்று 2.9 போட்டேன்.

தேரன்று காலை, கோயில் மண்டபத்துக்குப் பின்னால் வேட்டியோடு குனிந்து நின்றேன். செடில் குத்துகிற யோகலிங்கம் அண்ணை முதுகில் திருநீறு பூசிவிட்டு, தயாரா என்று கேட்டார். “ஓம்” என்று சொல்ல வாயைத் திறந்தேன். வேறு ஏதோ சத்தம் வந்தது. திரும்பச் சொன்னேன், இன்னும் மோசமாக வந்தது. வலது கை தொங்கியது, கால் மடங்கியது, நான் ஒரு பக்கமாகச் சுழன்று ஆடினேன்.

“செல்வராசாவுக்கு உரு வந்திட்டுது” என்றார் யாரோ. உடனே பறை வேகமெடுத்தது. நெற்றி நிறையத் திருநீறு அப்பினார்கள். ஒருவர் வேப்பிலையால் அடித்தார். ஒரு பெண் கும்பிட்டுக்கொண்டு, மகளுக்கு எப்போது கலியாணம் பொருந்தும் என்று என்னிடம் கேட்டாள். நான் உள்ளே தெளிவாக இருந்தேன். சாகப்போகிறேன் என்று தெரிந்தது. அதைச் சொல்ல ஒரு சொல்கூட இல்லை. வாழ்நாளில் அப்படி நான் பயந்ததில்லை. நான் உளறிய ஒவ்வொரு உளறலுக்கும் கூட்டம் “அரோகரா” என்றது.

கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு சுந்தரேஸ்வரி வந்தாள். என் முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு கையையும் தூக்கச் சொன்னாள். ஒன்றுதான் எழும்பியது.

“கலியாணம் கட்டின இருபத்திரண்டு வருசமாய் இவருக்கு வராத சாமி இண்டைக்கு வராது. அம்புலன்சுக்கு அடியுங்கோ” என்றாள்.

வால்வின் ஓரத்தில் படிந்த இரத்தக்கட்டியில் ஒரு துணுக்கு மூளைக்குப் போயிருந்தது. இன்னும் ஒரு மணித்தியாலம் ஆடியிருந்தால் பேச்சு அடியோடு போயிருக்கும் என்றார்கள். இரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, குளிசையை யார் நிறுத்தச் சொன்னது என்று வைத்தியர் கேட்டபோது, சுந்தரேஸ்வரி என் புத்தகத்தைத் திறந்து நான் எழுதிய 2.8களை ஒவ்வொன்றாக அவருக்குக் காட்டினாள். கட்டிலில் கிடந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட முள்ளுக் குத்துவது சுகமாக இருந்திருக்கும்.

நாலாம் நாள்தான் சொல் வந்தது. அதுவும் ஒரே சொல்: “நேர்த்தி.” கண்ணீர் விட்டுக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். கடவுளுக்குக் கொடுத்த வாக்கை மீறிய பயம் எனக்குச் சாவுப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அவள் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள்.

“நீங்கள் மட்டுமே நேர்த்தி வைச்சனீங்கள்? அண்டைக்கு ஒப்பரேசன் அறைக்கு வெளியிலை நிண்டு நானும் வைச்சனான். இந்த மனுசன் உயிரோடை வந்தால் இனி ஒரு நாளும் ஏசமாட்டன் எண்டு.”

நான் அவளைப் பார்த்தேன். போன ஒரு வருடத்தில் அவள் ஏசாத நாள் ஒன்றாவது என் நினைவுக்கு வரவில்லை.

“வீட்டை வந்த மற்ற நாளே முறிச்சுப்போட்டன். முருகன் ஒண்டும் செய்யேல்லை. அவருக்குத் தெரியும், ஏசாமல் உங்களை உயிரோடை வைச்சிருக்க ஏலாது எண்டு. இப்ப வாயைத் திறவுங்கோ.”

குளிசையை நாக்கில் வைத்தாள். விழுங்கினேன். விழுங்கிவிட்டேனா என்று நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னாள். காட்டினேன். அதன்பிறகு அவள் என்னை ஏசத் தொடங்கி, பார்வையாளர் நேரம் முடியும்வரை நிறுத்தவேயில்லை.