ஈவ்லினும் நாலு சக்கர பைக்கும்

குடிபாலா கூட்டு ரோட்டில் ஈவ்லினுக்கு ஒரு பேட்டரி கடை. அதற்கு முன் பதினோரு வருடம் ஒரு பேட்டரி கம்பெனியில், சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவள். டிராக்டர், ஆட்டோ, இன்வெர்ட்டர் என்று எது வந்தாலும் மூடியைத் தொட்டதுமே நோயைச் சொல்லிவிடுவாள். ஆனால் தெரியாத வண்டி என்றால் அவளுக்குக் கை ஓடாது. முழங்கைக்குக் கீழே இருந்த ஆசிட் தழும்பு, அப்படி ஒரு தெரியாத வண்டியில் அவசரமாகக் கை வைத்தபோது வாங்கியது.

அதனால்தான் ஐப்பசியில் லோகேஸ்வரன் போன் செய்தபோது அவள் நழுவினாள். மலைக்கு அந்தப் பக்கம், மோட்டூரில் இருக்கும் மாந்தோப்புக்கு அவன் காவல்காரன். தோப்புக்காரர் திருப்பதியில் இருக்கிறார். மேடு பள்ளம் பார்க்காமல் ஏறும் பெரிய டயர் வைத்த நாலு சக்கர பைக் ஒன்றை வாங்கித் தோப்பில் விட்டிருந்தார்.

"அக்கா, செல்ப் வீக்கா கீது. ஒரு தபா வந்து பாரேன்."

"அடுத்த வாரம் வரேன் லோகேசு."

அடுத்த வாரம் வந்தது, போனது. அவள் போகவில்லை. அவனும் திரும்பக் கேட்கவில்லை.

கார்த்திகையில் புயல் மழை பிடித்தது. திங்கட்கிழமை சாயங்காலம் மோட்டூருக்குப் போகும் தரைப்பாலத்தை ஓடை அடித்துக்கொண்டு போயிற்று. அந்தப் பக்கம் கரண்ட் கம்பங்கள் சாய்ந்தன, செல்போன் டவரும் செத்தது. வெள்ளிக்கிழமை காலை லோகேஸ்வரன் சேறு பூசிய காலோடு கடை வாசலில் வந்து நின்றான். மலைப் பாதையில் மூன்று கிலோமீட்டர் நடந்தே வந்திருந்தான்.

"பாலையா மாமாக்கு மூச்சு வாங்குது அக்கா. செவ்வாக்கெழம டயாலிசிஸ் போவல. இன்னிக்கும் போவலன்னா கஷ்டம். கட்டில்ல தூக்கினு வரலாம்னா படுக்க முடியல அவரால. நாற்காலில ஒக்கார வச்சி தூக்குனோம், பாறைல வழுக்கி ரெண்டு பேரு உயுந்துட்டாங்க. அந்த பைக்கு ஒண்ணுதான் வழி. அத்த அமுக்கினா ஒரு சத்தம் கூட வரல."

செவ்வாய், வெள்ளி என்று சித்தூருக்குப் போய்வரும் மனிதர். கடைசியாக இரத்தம் சுத்தம் செய்து ஏழு நாள் ஆகிறது. மீட்டர், ஸ்பானர், கேபிள், நன்றாகச் சார்ஜ் ஏறிய ஒரு ஸ்கூட்டர் பேட்டரி, ஒரு பொட்டலம் ஆப்ப சோடா எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். போகிற வழியில் லோகேஸ்வரன் குடிபாலா போலீசுக்காரரிடம் சொல்லி, ஆம்புலன்சை ரோட்டு முனையில் நிற்கச் சொல்ல ஏற்பாடு செய்தான்.

தோப்புக் கொட்டகையில் வண்டி நின்றது. பக்கத்து வீட்டு வாசலில் பாலையா நாற்காலியில் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். முகமும் காலும் வீங்கியிருந்தன. மனைவி பச்சையம்மாள் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஈவ்லினைப் பார்த்ததும் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினாள்.

ஈவ்லின் பேட்டரியைத் தேடிச் சீட்டைத் தூக்கினாள். காற்று வடிகட்டும் பெட்டி மட்டும் இருந்தது. பின்பக்கக் கம்பித் தட்டுக்குக் கீழே டூல்ஸ் பெட்டி. முன்னால் ரேடியேட்டர்.

"பேட்டரி எங்க கீதுன்னு சொல்ற புக்கு எங்க?"

"திர்ப்பதில, சார் வூட்ல."

"தள்ளிக் கிளப்ப முடியாதா?" என்று கூடியிருந்தவர்களில் ஒருவர் கேட்டார். முடியாது. கியருக்குப் பதில் உள்ளே பெல்ட்டில் ஓடுகிற வண்டி அது. எவ்வளவு தள்ளினாலும் எஞ்சின் சுற்றாது.

கண்ணில் பட்ட பிளாஸ்டிக்கையெல்லாம் பிடுங்கிப் பார்க்கலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. "கர்த்தாவே" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்து வண்டிக்கடியில் டார்ச் அடித்தாள். எந்த வண்டியானாலும் ஸ்டார்ட்டர் மோட்டார் ஒன்று இருந்தாக வேண்டும், அதற்கு விரல் தடிமனில் ஒயர் வந்தாக வேண்டும். ஒயர் கிடைத்தது. விரலை வைத்து அதைத் தொடர்ந்தாள். எஞ்சினைச் சுற்றி, சட்டத்தோடு ஒட்டி, வலது காலடிப் பலகைக்கு மேலே ஒரு பக்க மூடிக்குள் போயிற்று. மூடியை மெதுவாக நெம்பினாள். ஒரு கிளிப் ஒடிந்தது. உள்ளே ரப்பர் பட்டை கட்டி உட்கார்ந்திருந்தது பேட்டரி.

இரண்டு முனையிலும் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது. மைனஸ் போல்ட் கையாலேயே சுழன்றது. முதலில் மைனஸைக் கழற்றினாள், பிறகு பிளஸ். மாற்றிச் செய்தால் ஸ்பானர் இரும்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும். பக்கத்து வீட்டில் வெந்நீர் வாங்கி, ஆசிட் முறிய ஆப்ப சோடா கரைத்து ஊற்றினாள். அது நுரைத்து அடங்கியதும் துணியால் துடைத்து, உப்புத்தாளால் ஈயம் மின்னும்வரை தேய்த்தாள். மீட்டர் பதினொரு வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டியது. கிட்டத்தட்டச் செத்த பேட்டரி. பிளஸை முதலில் முடுக்கி, பிறகு மைனஸை முடுக்கினாள். கொண்டுவந்த பேட்டரியைக் கேபிளில் இணைத்தாள்.

"அமுக்கு."

லோகேஸ்வரன் அமுக்கினான். ஒரு சத்தமும் இல்லை.

வாசலில் பாலையாவின் இழுப்பு இப்போது கொட்டகை வரைக்கும் கேட்டது. ஈவ்லின் இரண்டு முனைகளையும் மறுபடி அசைத்துப் பார்த்தாள். இத்தனைக்குப் பிறகும் வேறு ஏதோ கெட்டிருக்கிறதா, இல்லை தான்தான் எதையாவது கெடுத்துவிட்டோமா?

"ஏமோ அக்கா, தெரியல..." என்று தலையைச் சொறிந்த லோகேஸ்வரன் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான். "பிரேக்க புடிச்சிக்கினு அமுக்கணும். மறந்தே போச்சி."

பிரேக்கைப் பிடித்து அமுக்கினான். கடகடவென்று பல் தந்தியடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்து நின்றது.

"உடு. அஞ்சு நிமிசம் சும்மா உடு. அந்த பேட்டரிக்குக் கொஞ்சம் ஏறட்டும்."

அந்த ஐந்து நிமிடமும் ஈவ்லின் மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த முறை எஞ்சின் இருமி, தடுமாறி, பிடித்துக்கொண்டது. ஈவ்லின் கேபிளைக் கழற்றினாள்.

பாலையாவை நிமிர்ந்த வாக்கில் உட்காரவைத்து, பச்சையம்மாளின் புடவையால் லோகேஸ்வரனின் முதுகோடு சேர்த்துக் கட்டினார்கள்.

"எங்கயும் ஆஃப் ஆவ உடாத. ஆச்சின்னா மறுபடி கிளம்பாது" என்றாள் ஈவ்லின்.

வண்டி மேட்டில் ஏறியது. ஈவ்லினும் பச்சையம்மாளும் பின்னால் நடந்தார்கள். பாறை வளைவில் சத்தம் திடீரென்று நின்றுபோயிற்று. இருவரும் சேற்றில் ஓடினார்கள். வளைவைத் தாண்டியபோதுதான் தெரிந்தது, வண்டி மலைக்கு மறுபக்கம் இறங்கிவிட்டதால் சத்தம் மறைந்திருக்கிறது. கீழே, ரோட்டு முனையில், ஆம்புலன்சின் வெள்ளைக் கூரை தெரிந்தது.

அன்றைக்கு முழுக்க ஈவ்லின் கடையில் எந்த வேலையையும் உருப்படியாகச் செய்யவில்லை. மூன்றரை மணிக்கு லோகேஸ்வரன் சித்தூரிலிருந்து போன் செய்தான். "மிஷின்ல போட்டுட்டாங்க அக்கா. இப்ப மூச்சு சுமாரா வுடறாரு."

"லோகேசு, அன்னிக்கே நான் வந்திருக்கணும். அந்த வண்டிய நெனச்சு பயந்துக்கினுதான் வரல."

"நானும் இன்னொரு தபா கூப்பிட்டிருக்கணும்" என்றான்.

பாலையா ஐந்தாம் நாள் வீடு திரும்பினார். தரைப்பாலம் போட இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை செவ்வாயும் வெள்ளியும் அந்த நாலு சக்கர பைக்தான் அவரை ரோட்டு முனையில் கொண்டுவந்து விட்டது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஈவ்லின் மலையேறிப் போய் மீட்டர் வைத்துப் பார்த்தாள். புது பேட்டரி மாட்டிய பிறகும் போனாள். ஒவ்வொரு தடவையும் அந்த வண்டியை நினைத்துப் பயந்துகொண்டேதான் போனாள்.