மேல்பட்டையில் வசந்தா பெயர்

போன வாரம் தொட்டியத்திலிருந்து மாமா வந்தார். ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் ரூம் வேண்டுமாம். அவர் மகன் போனில் தேடினான். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மேலே ஒரே பட்டை. முகப்பு, அறைகள், வாடகை, தொடர்பு. தொட்டால் அந்தந்தப் பக்கத்துக்குப் போகும். எனக்கு உடனே வேர்க்கடலை வாசனை வந்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

முன்பு நான் வேலை பார்த்தது சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியறையில். கீழே கடலை வறுப்பார்கள். மேலே ஸ்ரீரங்கம் லாட்ஜ்களுக்காக ஒரு வெப்சைட் நடந்தது. நடத்தியவர் முதலாளி. பக்கங்களை ஒட்டியது நாங்கள் இரண்டு பேர். லாட்ஜுக்கு ஒரு பக்கம். பக்கத்துக்குப் பக்கம் அதே பட்டை. நான் பத்தாவதில் கோட்டை விட்டவன். தெரிந்த இங்கிலீஷ் காப்பி, பேஸ்ட், சேவ். அதுவே சோறு போட்டது.

கூட இருந்தவர் வசந்தா அக்கா. மண்ணச்சநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருவார். கணவர் இல்லை. மகள் காலேஜில். ரூம் கேட்டு வரும் போனையும் அவர்தான் எடுப்பார். அதனால் பட்டையின் கடைசியில் ‘விசாரிக்க: வசந்தா’ என்று நம்பரோடு இருக்கும்.

“எங்க தெருவுல என் பேர் யாருக்கும் தெரியாது தம்பி. அமெரிக்காவுல தெரியும்” என்பார்.

மார்கழி வந்தால் பட்டையில் ‘ஏகாதசி அறைகள்’ என்று சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பக்கமாகத் திறந்து ஒட்டுவோம். திருவிழா முடிந்ததும் ஒவ்வொன்றாக எடுப்போம். கழுத்து பிடித்துக்கொள்ளும். ஒரு வருஷம் ஒரு பக்கத்தில் எடுக்க மறந்துவிட்டோம். சித்திரை வெயிலில் யாரோ போன் போட்டு ஏகாதசி ரூம் கேட்டிருக்கிறார்கள். அந்த லாட்ஜ்காரர் மாடியேறி வந்தார்.

“ஏங்க, உங்க ஆபீஸ்ல மட்டும் சொர்க்கவாசல் வருஷம் பூரா தெறந்திருக்குமோ?”

அக்கா சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை.

சென்னையிலிருந்து மருமகனை வரவழைத்தார். அவர் பட்டையைத் தனி ஃபைலில் வைத்தார். எல்லாப் பக்கமும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும்.

“இனிமே ஒரு எடத்துல மாத்தினாப் போதும்” என்றார்.

அக்கா ஒரு எழுத்தை மாற்றிப் பார்த்தார். எல்லாப் பக்கத்திலும் மாறியிருந்தது. “இந்த மார்கழிக்கு வெளிச்சத்தோட வீட்டுக்குப் போயிரலாம் தம்பி” என்றார். இறங்கிப்போய்க் கடலை வாங்கி வந்தார். மருமகனுக்கும் ஒரு பொட்டலம்.

விஷயம் மார்கழி வரை போகவில்லை.

“ஒட்டுற வேலைதான் இல்லையேம்மா. போனை நானே பாத்துக்குறேன். நாளைலேருந்து சிரமப்பட வேணாம்” என்றார் முதலாளி.

“பொண்ணுக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு இருக்குங்க.”

முதலாளி போனைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். அக்கா டிபன் பாக்ஸைப் பையில் வைத்தார். “போயிட்டு வரேன் தம்பி” என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். பரிந்து பேசினால் என் வேலையும் போகும்.

அவர் பஸ் ஏறியிருக்கக்கூட மாட்டார். “அந்தம்மா பேரைப் பட்டைலேருந்து எடுத்துடு” என்றார் முதலாளி. ஒரு இடத்தில் எடுத்தேன். எல்லாப் பக்கத்திலும் போய்விட்டது.

இப்போது அந்த வெப்சைட் இல்லை. மாடியறையில் செல்போன் கவர் விற்கிறார்கள். கடலைக் கடையும் இல்லை. ஒருமுறை அக்கா நம்பருக்குப் போட்டேன். வேறு யாரோ எடுத்தார்கள். மகள் படித்து முடித்தாளா, தெரியாது.

பழையபடி பக்கம் பக்கமாக அக்கா பெயரை எடுத்திருந்தால், எங்காவது ஒன்றில் மறந்திருப்பேன்.